நிலக்கரிச் சுரங்கம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

நிலக்கரிச் சுரங்கங்களை நடத்தும் நிறுவனங்களுக்கும் அவற்றுக்கு அனுமதி தரும் அரசுத் துறைகளுக்கும்,

வணக்கம். நிலக்கரியை எரிக்கலாமா கூடாதா என்று சண்டை போட இதை எழுதவில்லை. அதில் நான் எந்தப் பக்கம் என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள், அது இருக்கட்டும். நான் பேச வந்தது, நிலக்கரியை எடுப்பதற்காக நீங்கள் வெட்டி ஓரமாகக் கொட்டும் பாறையையும் அதில் பதிந்திருக்கும் பழங்கால மழைக்காட்டின் தடங்களையும் பற்றி.

மழைக்காடுகளின் பழங்காலத்தைத் தேடி மழைக்காட்டுக்குள்ளேயே போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். வெப்பமும் ஈரமும் பாறையை ஆழம் வரை அரித்து மண்ணாக்கிவிடும். மிச்சம் இருப்பதைக் காடே மூடிக்கொள்ளும். பாலைவனத்தில் என்றால் நடந்துபோகும்போதே எலும்பு கண்ணில் படலாம். இங்கே யாராவது பெரிய பள்ளம் தோண்டினால்தான் உண்டு. அந்த அளவுக்குத் தோண்டுகிறவர்கள் நீங்கள்தான்.

கொலம்பியாவின் செர்ரெஹோன் சுரங்கக் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1994-இல் அங்கே வேலை பார்த்த நிலவியலாளர் ஒருவர் விநோதமான ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ‘கல்லாகிப்போன கிளை’ என்று பெயர் எழுதி நிறுவனத்தின் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள், அத்தோடு மறந்தும் போனார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, சுற்றிப் பார்க்க வந்த ஃபாபியானி ஹெரேரா என்ற மாணவர் அதே சுரங்கத்தில் ஒரு கல்லைப் புரட்டினார். அதில் ஓர் இலையின் தடம். அதைக் கேள்விப்பட்டு ஆய்வாளர்கள் வந்தார்கள். பெட்டிக்குள் ‘கிளை’யாக இருந்தது உண்மையில் ஒரு விலங்கின் தாடை எலும்பு! அப்புறம் தேடத் தேட, சுமார் 13 மீட்டர் நீளமும் ஒரு டன்னுக்கு மேல் எடையும் கொண்ட டைட்டனோபோவா பாம்பின் முதுகெலும்புகள் கிடைத்தன. 2009-இல் அந்தச் செய்தி உலகமெங்கும் ஓடியது.

என்னைக் கேட்டால், பாம்பைவிட இலைகள்தான் பெரிய விஷயம். கிட்டத்தட்ட 5.8 கோடி ஆண்டு வயதான, ஓரத்தில் பல் இல்லாத, அகன்ற இலைகள். பூச்சி தின்ற ஓட்டைகள்கூட அழியாமல் இருக்கின்றன. அவரைக் குடும்பம், பனைக் குடும்பம், சேம்புக் குடும்பம் என்று இன்றைய அமேசான் காட்டில் இருக்கும் அதே குடும்பங்கள் அன்றும் அங்கே இருந்திருக்கின்றன.

ஆனால் அதற்கு முன் காடு இப்படி இல்லை. மோனிகா கார்வாலோ, கார்லோஸ் ஹராமியோ முதலான ஆய்வாளர்கள் கொலம்பியாவில் கிடைத்த 6,000-க்கும் மேற்பட்ட இலைகளையும் சுமார் 50,000 மகரந்தப் பதிவுகளையும் ஆராய்ந்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். டைனோசர் காலக் காட்டில் ஊசியிலை மரங்களும் பெரணிகளும் பூக்கும் தாவரங்களோடு கலந்து நின்றன. மரங்களுக்கு நடுவே இடைவெளி இருந்தது, வெளிச்சம் தரை வரை இறங்கியது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியது. தாவர இனங்களில் ஏறக்குறைய 45 விழுக்காடு அழிந்தது. பழைய எண்ணிக்கையை எட்ட 60 லட்சம் ஆண்டுகள் பிடித்தன. திரும்பி வந்ததோ வேறொரு காடு: பூக்கும் மரங்கள் நெருங்கி நின்று மேலே கூரை போட்டு, கீழே நிழல் அடைந்த காடு. இது எப்படித் தெரிந்தது? வெயிலில் வளரும் இலைக்கும் நிழலில் வளரும் இலைக்கும் நரம்புகளின் நெருக்கம் வேறுபடும். பழைய இலைகளில் அந்த வேறுபாடு அவ்வளவாக இல்லை, பின்னால் வந்த இலைகளில் நன்றாகவே தெரிகிறது. இலையில் நரம்பை எண்ணிக் காட்டின் உயரத்தில் வெளிச்சம் எப்படிக் குறைந்தது என்று சொல்லிவிடுகிறார்கள்.

குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலும் இப்படி ஒன்று கிடைத்தது. குங்கிலிய மரக் குடும்பத்தைச் சேர்ந்த மரங்களின் பிசின், சுமார் 5 கோடி ஆண்டுப் பழசு. உள்ளே சிக்கிய 700-க்கும் மேற்பட்ட பூச்சிகள், சிலந்திகளைப் பற்றி ஆய்வாளர்கள் 2010-இல் எழுதினார்கள். அப்போது இந்தியா கடலில் தனியாக மிதந்து வந்த நிலம் என்பதால் தனக்கே உரிய பூச்சிகள்தான் நிறைய இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் இருந்தவற்றில் பலவற்றின் உறவினர்கள் ஐரோப்பாவிலும் மற்ற கண்டங்களிலும் இருந்தார்கள். இந்தப் பிசின் கரைப்பானில் கரையும் என்பதால் பூச்சியைக் கால், உணர்கொம்பு கெடாமல் முழுசாகவே வெளியே எடுக்க முடிகிறது.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் இன்னொரு விதம். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த நிலம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தபோது வளர்ந்த காடு அது. நிலக்கரியை எடுத்த பிறகு சுரங்கத்தின் மேற்கூரையில் அடிமரங்களும் இலைகளும் தெரிந்தன, ஏறத்தாழ 1,000 ஹெக்டேர் பரப்பில். ஆய்வாளர்கள் விளக்கைத் தூக்கிப் பிடித்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே அந்தக் காட்டில் நடந்தார்கள். 2007-இல் அதை வெளியிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நிலக்கரிக்குள் செடிகள் அடையாளம் தெரியாமல் அமுங்கிப்போயிருக்கும். இலை நன்றாகக் கிடைப்பது அதை ஒட்டியுள்ள களிப்பாறையில், அதாவது நீங்கள் கழிவு என்று கணக்கெழுதும் பாறையில். வெட்டிப்போட்டால் அது வெயிலிலும் மழையிலும் பொடியாகிவிடும். ஆகவே அந்த அடுக்கு வெளியே தெரியும்போதே ஆட்களை உள்ளே விடுங்கள், வெடி வைப்பதற்கு முன்னால். துளையிட்டு எடுத்த பாறை உருளைகளையும் இடமில்லை என்று தூக்கி எறியாதீர்கள்; மகரந்தம் அவற்றில்தான் அடுக்கடுக்காக இருக்கிறது. எந்தத் துளை, எத்தனை மீட்டர் ஆழம் என்ற சீட்டு அவற்றோடு இருக்கட்டும், சீட்டு போய்விட்டால் உருளையும் போன மாதிரிதான்.

அனுமதி தரும் துறைகள் இதை உரிமத்தில் ஒரு நிபந்தனையாகவே சேர்க்கலாம். சுரங்கத்தை மூடி நீர் நிரப்பும் தேதியை அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக்கு முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லலாம். தலைக்கவசமும் சுத்தியலும் அவர்களே கொண்டுவருவார்கள். நீங்கள் வாசலில் நுழைவுச் சீட்டு கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தொல்லுயிர் ஆய்வுகளைத் தொடர்ந்து படிக்கும் ஒரு வாசகர்