ஏற்காட்டுக்கு விடுமுறைக்கு வரும் உன் சிடுமூஞ்சி நாயகி

அன்புத் தங்கைக்கு,

உன் காதல் நாவலின் தொடக்கத்தில் நித்யாவை யாருக்கும் பிடிக்கக் கூடாது என்று நினைத்தாய், சரி. ஆனால் மூன்றாம் அத்தியாயத்திலேயே பயந்துபோய், அவள் அப்பா செத்த கதையைச் சொல்லிவிட்டாய். அதை வெட்டு. அதற்குள் இரக்கம் கேட்டால் வாசகர் இரக்கப்பட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார். பதினைந்தாம் அத்தியாயத்துக்கு அப்புறம் வரட்டும், நாலே வரியில்.

அந்த இடத்தில் அவள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டு. ஆடிட்டர் அல்லவா? சேலம் புது பஸ் ஸ்டாண்டில் டாக்ஸிக்காரரிடம் ஐம்பது ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறாளே, அதே கண்ணோடு எஸ்டேட்டுக்குப் போகட்டும். சாயங்காலம். காபிப் பழம் பறித்த பெண்கள் சாக்கோடு தராசு முன்னால் நிற்கிறார்கள். கூலி கிலோ கணக்கு. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஒவ்வொரு மூட்டைக்கும் சாக்கு எடை என்று 2 கிலோ கழிக்கிறார். நித்யா ஒரு காலிச் சாக்கை உதறித் தராசில் போடுகிறாள். ஒரு கிலோகூட இல்லை. கணக்கு தப்பினால் அவளுக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். நன்றி சொல்ல வரும் பெண்ணிடமும் "தள்ளி நில்லுங்க" என்றே எரிந்து விழட்டும்.

அந்த ரைட்டராக உன் நாயகன் முத்துவையே வை. நீ இப்போது எழுதியிருப்பதில் அவன் அவள் திட்டத் திட்டச் சிரிக்கிறான். எந்த ஆம்பளை அப்படி இருக்கிறான்? பழைய வழக்கம் என்று யோசிக்காமல் கழித்துவந்தவன், பத்துப் பேர் முன்னால் மாட்டிக்கொண்டால் கோபம் வரும். காதலுக்கு அந்தக் கோபம் வேண்டும்.

முதலாளியிடம் காட்டும் திமிரை வாசகர் ரசிப்பார். சமையல்கார ஆயாவிடம் காட்டினால் ஒரு தடவைதான் பொறுப்பார். அந்த ஒரு தடவைக்கும் விலை உண்டு: மறுநாள் காலை அவள் அறைக்குக் காபி வராது. ஆயா கடைசிவரை மன்னிக்காவிட்டாலும் குற்றமில்லை.

எட்டாம் அத்தியாயத்தில் காபிப் பூ மணக்கிறது, ஒன்பதில் பழம் பறிக்கிறார்கள். கதை கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரை. அங்கே விளையும் அராபிகா வகைக் காபி பூப்பது கோடை மழைக்குப் பின், மார்ச், ஏப்ரலில். அதுவும் சில நாள்தான். ஆகவே பூவை விட்டுவிடு. மழை முத்தத்தையும் எடுத்துவிடு. களத்தில் பழம் காயும்போது திடீர்த் தூறல், ஆளுக்கொரு முனையில் தார்ப்பாய் பிடித்து ஓடுவது என்று எழுது. நனைந்த பழம் குவியலாகக் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அந்த அவசரத்தில் வசனம் பேச நேரமிருக்காது, நல்லதுதான்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவு 20. நீ 22 என்கிறாய். எண்ணுவது நித்யா, அவளுக்குத் தப்பாது.

கடைசியில் அவள் பேசும் ஒன்றரைப் பக்க மன்னிப்பு வேண்டாம். பஸ் ஏறும்போது முத்து காபித்தூள் பொட்டலம் நீட்டி "அரைக் கிலோ" என்கிறான். கையில் ஏந்தி எடை பார்க்காமல் பையில் வைத்துக்கொள்கிறாள்.

அன்புடன்,
அண்ணன்