குழந்தைப் படங்களும் பெரியவர்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறைக்கு வெளியாகும் அனிமேஷன் படங்களை, 'குழந்தைகளை அழைத்துச் செல்லலாம்' என்ற ஒற்றை வரியோடு விமர்சனங்கள் முடித்துவிடுகின்றன. துணைக்குப் போகும் தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளைவிட ஒன்றிப் பார்ப்பது ஏன் என்பதையும் விமர்சகர்கள் எழுதலாமே.

பிக்சார் நிறுவனம் 2009இல் வெளியிட்ட 'அப்' படத்தின் நாயகன் கார்ல், 78 வயது முதியவர். கான் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்ட முதல் அனிமேஷன் படமும் அதுவே. அதன் ஆரம்பத்தில், வசனமே இல்லாத சில நிமிடங்களில், கார்ல் தம்பதியின் இல்லற வாழ்க்கை முழுவதும் இசையோடு கடந்து போகிறது. தென் அமெரிக்கப் பயணத்துக்காகக் கண்ணாடி ஜாடியில் சேர்த்த காசை, கார் டயர் பழுதானபோதும், கால் முறிந்தபோதும், கூரை மீது மரம் விழுந்தபோதும் அவர்கள் எடுத்துச் செலவழிக்கிறார்கள். பிள்ளை ஏக்கமும் தீராமலே போகிறது. பலூன்களில் பறக்கும் வீட்டுக்கும் பேசும் நாய்களுக்கும் குழந்தைகள் சிரிக்கலாம். ஆனால், மகளின் கல்யாணத்துக்கோ வைத்தியச் செலவுக்கோ வைப்பு நிதியை இடையிலேயே முறித்த அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் அந்த ஜாடி உறைக்கும்.

1995இல் 'டாய் ஸ்டோரி' பார்த்த சிறுவர்கள், 2010இல் அதன் மூன்றாம் பாகத்தில், பொம்மைகளுக்குச் சொந்தக்காரனான ஆண்டி (Andy) என்ற பையன் கல்லூரிக்குக் கிளம்பியபோது தாங்களும் வளர்ந்திருந்தார்கள். அவனுடைய காலி அறையைப் பார்த்துக் கலங்கும் தாயின் காட்சி பெற்றோருக்காகவே எழுதப்பட்டது என்று நினைக்கிறேன்.

எனவே, இத்தகைய படங்களின் கதையமைப்பையும் இசையையும் மற்றப் படங்களுக்கு நிகராகத் தங்கள் நாளிதழ் அலச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்