மஞ்சள் பால் போதும் என்று எழுதிவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார இதழின் நலவாழ்வுப் பக்கத்தில் முதியோருக்கான கட்டுரையைப் படித்தேன். "வயதானால் நோய் எதிர்ப்பு சக்தி குறையத்தான் செய்யும். இரவில் ஒரு டம்ளர் மஞ்சள் பாலும் மன நிம்மதியும் இருந்தால் போதும்" என்று ஒரு வரி. அந்தப் 'போதும்' என்ற சொல்லைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போக என்னால் முடியவில்லை. எங்கள் வீட்டில் முப்பது வருஷமாக வாங்குகிற பத்திரிகை இது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு 71 வயது. மஞ்சள் பால் தினமும் குடிக்கிறவர்தான். போன சித்திரையில் வலது விலாவில் எரிகிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்தவர் முதுகைத் திருப்பிக் காட்டினார். முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஆரம்பித்து விலாவைச் சுற்றி மார்பு வரைக்கும், வலது பக்கம் மட்டும், பட்டையாகக் கொப்புளம். பக்கத்து வீட்டு அக்கா பார்த்ததுமே அக்கி என்று சொல்லிவிட்டார்.

அக்கி வந்தால் மானாமதுரையில் எங்கே கூட்டிப்போவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மண்பானை செய்யும் வேளார் வீட்டுக்குப் போய் மூன்று நாள் காலையில் அக்கி எழுதிக்கொண்டோம். கோழி இறகைச் செங்காவியில் தோய்த்து அந்தப் பெரியவர் எழுதும்போது இவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அவரே, "ஆத்தா, இது இறங்குற மாதிரி தெரியல, டாக்டர்கிட்ட காட்டிருங்க" என்றார். காசு வாங்கவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கொப்புளம் வந்து எத்தனை நாளாச்சும்மா?" நாலு நாள் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூன்று நாளுக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள் வந்திருந்தால் வைரஸ் மாத்திரை நன்றாக வேலை செய்திருக்குமாம். சின்ன வயதில் வந்துபோன சின்னம்மைக் கிருமி உடம்பை விட்டுப் போவதே இல்லை, நரம்பில் பதுங்கிக் கிடக்கும், வயதாகி எதிர்ப்பு சக்தி இறங்கும்போது அக்கியாக எழும்பும் என்று பொறுமையாகச் சொன்னார். அப்புறம், "50 வயசுக்கு மேல இதுக்கு ஊசி இருக்கே, யாரும் சொல்லலையா?" என்றார்.

யாரும் சொல்லவில்லை ஐயா. நான் 31 வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். புதன்கிழமையானால் ஊசிக்கு வராத குழந்தையைத் தேடி வீடு வீடாகப் போயிருக்கிறேன். களையெடுப்பில் நின்ற தாயை வரப்பில் நின்று கூப்பிட்டு, பிள்ளையை நானே இடுப்பில் தூக்கி வந்திருக்கிறேன். எந்த மாதம் எந்த ஊசி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எனக்கும் என் புருஷனுக்கும் ஊசி உண்டு என்பது 67 வயதில்தான் எனக்குத் தெரிகிறது.

கொப்புளம் இரண்டு வாரத்தில் காய்ந்து உதிர்ந்தது. வலி பதினொரு மாதமாகப் போகவில்லை. சட்டைத் துணி பட்டால் தீ வைத்த மாதிரி இருக்கிறது என்கிறார். மின்விசிறிக் காற்றுகூட ஆகாது. வெளியே போக வேண்டி வந்தால் சட்டையை வலது பக்கம் இரண்டு விரலால் உடம்பை விட்டுத் தூக்கிப் பிடித்தபடியே நடக்கிறார். பேத்தி ஓடி வந்து கட்டிக்கொள்ளப் போனால் கையை நீட்டித் தடுக்கிறார். அந்தக் குழந்தை இப்போது தாத்தா பக்கம் போவதே இல்லை. இவருக்கு எந்த மன நிம்மதியைத் தரச் சொல்கிறீர்கள்?

உங்கள் பக்கத்தில் முதியோர் என்றால் பூங்காவில் ஷூ போட்டுச் சிரிப்பவர்கள் படம்தான் வருகிறது. பாதாம் ஊறவைக்கச் சொல்கிறீர்கள், ஆலிவ் எண்ணெய் வாங்கச் சொல்கிறீர்கள். எங்கள் தெருவில் தனியாக இருக்கும் கிழவிகள் ராத்திரிக்கு டீயும் ரஸ்க்கும் சாப்பிட்டுப் படுக்கிறார்கள். வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். 50 கிலோ எடை என்றால் 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். ரசம் சாதத்தில் எங்கிருந்து வரும்? ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பை மகன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத் துவையலைத் தொட்டுக்கொண்டு கஞ்சி குடிப்பவர்களிடம், பருப்பும் சுண்டலும் மோரும் உனக்கும்தான் வேண்டும் என்று நீங்கள் ஒரு தடவை எழுதியிருந்தால் கேட்டிருப்பார்கள். நான் சொன்னால் கேட்பதில்லை.

70 வயதைக் கடந்தவர்களுக்கு 5 லட்ச ரூபாய் காப்பீடு என்று 2024 அக்டோபரில் பெரிதாகப் போட்டீர்கள். நல்லதுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்த பிறகு கிடைக்கும் உதவி அது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் தங்கச்சி சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை தருகிறார், அவரை நாங்கள் சாமியாகத்தான் நினைக்கிறோம். அவர் பையில் எங்களுக்கு ஒரு ஊசி கிடையாது. அக்கி ஊசியை மதுரையில் விசாரித்தேன், பத்தாயிரத்தை ஒட்டிச் சொன்னார்கள், இரண்டு தடவை போட வேண்டும். விசாரிக்க மதுரைக்கு ரயிலில் போனால், 2020 மார்ச்சில் நிறுத்திய முதியோர் சலுகை இன்னும் திரும்பி வரவில்லை. அரசு நினைத்தால் முடியாததா? 2021 மார்ச் 1-ம் தேதி 60 வயதைக் கடந்தவர்களுக்கு கொரோனா ஊசி தொடங்கியதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் போட்டார்களே. அதோடு எங்களை மறந்துவிட்டார்கள். நீங்களும் கேட்கவில்லை.

சரி, நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நலவாழ்வுப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை போடும் ஃப்ளூ ஊசி, அதோடு நிமோனியா ஊசி, அக்கி ஊசி, இந்த மூன்றையும் எந்த வயதில், யார் போட்டுக்கொள்ளலாம், மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று இருக்கட்டும். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலும் கொப்புளமும் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள் என்று கீழே ஒரு வரி சேருங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். வெட்டி எடுத்து வேளார் வீட்டுத் திண்ணையில் ஒட்ட அந்தப் பெரியவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
மானாமதுரை.