பதினெட்டு வயதில் எஃப் 1: சேகருக்கு ஒரு கடிதம்

சென்னை
15 டிசம்பர் 2025

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை ஒருவழியாக விட்டது. விஜயாவுக்கு முழங்கால் வலி முன்பைவிடத் தேவலை. சரி, உன் பேரன் ஆதியின் கார் பந்தயப் பயிற்சி பற்றி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

அர்விட் லிண்ட்பிளாட் செய்தியைப் பார்த்ததும் எனக்கும் உன் நினைப்புதான். 18 வயது, தாய் வழியில் இந்திய வம்சாவளி, 2026-இல் எஃப் 1 (ஃபார்முலா ஒன்) கார் பந்தயத்தில் ரேசிங் புல்ஸ் அணிக்கு ஓட்டப் போகிறான். டோரோ ரோஸோ என்ற பெயரில் இருந்தபோது பின்னால் உலக சாம்பியனான வெர்ஸ்டப்பனை 17 வயதில் மெல்போர்னில் இறக்கிவிட்டதும் இதே அணிதான். ரோட்டில் கார் ஓட்ட லைசென்ஸ் இல்லாத பையனுக்கு எஃப் 1 காரா என்று 2015-இல் எவ்வளவு கூச்சல்! அதற்கப்புறம்தான் எஃப் 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு 18 வயது, சாலை லைசென்ஸ், கீழ்நிலைப் பந்தயங்களில் மூன்று வருடத்தில் 40 புள்ளிகள் என்று உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ கறாராக விதி போட்டது. இப்போது வயது விஷயத்தில் மட்டும் தனி அனுமதிக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஜூலையில் சில்வர்ஸ்டோன் பயிற்சியில் ஓட்டியபோது லிண்ட்பிளாடுக்கு 17தான்.

நம் ஆட்களை நினைத்துப் பார். உங்கள் கோவை நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டன் அணியின் எஃப் 1 காரில் உட்கார்ந்தபோது 28 வயது. எங்கள் ஊர் கருண் சந்தோக்குக்கு 2010-இல் 26. திறமையில் குறையில்லை, ஸ்பான்சர் தேடியே பாதி இளமை போனது. அதனால் ‘ஆதிக்கு ஒன்பது வயதாகிவிட்டதே, இப்போதே லேட்டா, இவன் அப்பா வேலையை விட்டுவிட்டுப் பின்னாலேயே போகலாமா’ என்று நீ கேட்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வயதைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படவில்லை. பையன் சொதப்பும் நாளில் அவன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

இத்தாலியப் பையன் அன்டோனெல்லியின் கதையையே எடுத்துக்கொள். 2024 ஆகஸ்ட் 30, இத்தாலியின் மொன்ஸாவில் பயிற்சி ஓட்டம். 18 முடிந்து ஐந்தே நாள். சொந்த நாடு, கேலரி முழுக்கச் சொந்த ஜனம், ஓட்டக் கிடைத்ததோ மெர்சிடஸ் அணி வீரர் ரஸ்ஸலின் கார். சில நிமிடங்களிலேயே பாராபோலிகா வளைவில் பின்பக்கம் வழுக்கி, காரைக் கொண்டுபோய்த் தடுப்பில் மோதிவிட்டான். எந்த அணியாக இருந்தாலும் கொஞ்சம் ஆறப்போடுவார்கள். மெர்சிடஸ் மறுநாளே, அணியை விட்டுப் போகும் ஹாமில்டன் இடத்துக்கு இவன்தான் என்று அறிவித்தது. (அந்தச் சனிக்கிழமைதான் இங்கே தீவுத்திடலைச் சுற்றி நம் ஊரின் முதல் ராத்திரி ரேஸுக்கு விளக்குப் போட்டிருந்தார்கள். நீ வராமல் போனது எனக்கு இன்றும் குறைதான்.) மெர்சிடஸ் அதோடு விடவில்லை. ஹாமில்டனுக்கு ரேடியோவில் வழிகாட்டிய பீட்டர் பானிங்டனையே இவனுக்கும் இன்ஜினியராகக் கொடுத்தார்கள்.

இந்த வருடம் மெல்போர்ன் மழையில் 16-ஆம் இடத்தில் கிளம்பி நான்காவதாக வந்தான். சுசூகாவில் சில சுற்றுகள் முன்னிலை. எஃப் 1 பந்தயத்தில் அந்த வயதில் யாரும் முன்னிலை வகித்ததில்லை. மாண்ட்ரியாலில் மூன்றாம் இடம். நடுவில் பள்ளி இறுதித் தேர்வு வேறு. ஆனால் ஐரோப்பியப் பந்தயங்களில் பையன் படாத பாடு பட்டான். இமோலாவிலும் பார்சிலோனாவிலும் கார் பாதியில் நின்றது. ஆஸ்திரியாவில் முதல் சுற்றிலேயே வெர்ஸ்டப்பன் மீது மோதினான். ஸ்பாவில் 20 கார்களில் 18-ஆவதாகத் தகுதி பெற்றபோது அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அப்போதும் அணி அவனைக் கைவிடவில்லை. அக்டோபரில் அடுத்த வருட ஒப்பந்தத்தை உறுதி செய்தார்கள். நவம்பரில் பிரேசிலில் கடைசிச் சுற்று வரை வெர்ஸ்டப்பன் இவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தும் வழி விடாமல் இரண்டாவதாக முடித்தான். சீசன் முடிவில் 150 புள்ளிகள், ஏழாம் இடம்.

கண்டிப்பான அப்பாவால்தானே வெர்ஸ்டப்பன் சாம்பியன் ஆனான் என்று நீ சொல்வாய். இத்தாலியில் ஒரு கார்ட் (சின்னப் பந்தய வண்டி) பந்தயத்தில் கோட்டைவிட்டதற்காக அப்பா அவனைப் பெட்ரோல் பங்கில் இறக்கிவிட்டுப் போன கதை எனக்கும் தெரியும். அதில் தேறி வந்தவன் ஒருவன். தேறாமல் வண்டியைத் தொடவே பிடிக்காமல் போன பையன்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

போன மாதம் இருங்காட்டுக்கோட்டை போயிருந்தேன். கார்ட்டிங்குக்கென்று அங்கே இப்போது தனி டிராக் இருக்கிறது. பத்து வயதுகூட இருக்காது, ஒரு சிறுவன் வண்டியை விட்டு இறங்கினான். கையுறையைக் கழற்றினால் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. அவன் அப்பா அதைப் பார்க்கவே இல்லை. போனில் லேப் டைமைக் காட்டி, மூன்றாவது வளைவில் ஏன் பிரேக்கைச் சீக்கிரம் மிதித்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பையன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான். அழுகிறான் என்று தோள் குலுங்குவதில் தெரிந்தது. எனக்கு மனசே ஆறவில்லை. பக்கத்திலிருக்கும் பெரிய டிராக்கில்தான் 2023 ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் விழுந்து இறந்தான். அந்தச் செய்திக்குப் பிறகு இந்த விளையாட்டில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேகம் இரண்டாம்பட்சமாகிவிட்டது.

ஆதியைத் தடுக்காதே. உங்கள் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஓட்டட்டும். ஆனால் உன் மகன் வேலையை விட வேண்டாம். சம்பாத்தியம் போனால், பையன் தோற்கும் ஒவ்வொரு பந்தயமும் வீட்டுக்குக் கடனாகத் தெரியும். அதை அவன் முகத்தில் காட்டாமல் இருக்க எந்த அப்பாவாலும் முடியாது. முதல் ஒரு வருடம் நேரக் கணக்கைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்ளட்டும், அப்பா தண்ணீர் பாட்டிலோடு நிற்கட்டும். வண்டி பழையதாக இருந்தால் பரவாயில்லை. ஹெல்மெட், கழுத்துப் பட்டை, விலாக் கவசம் மூன்றும் புதிதாக, அவன் அளவுக்கே வாங்கு. பெரியவனானாலும் போடலாமே என்று ஒரு சைஸ் கூட்டி வாங்கிவிடாதே.

பொங்கல் ரயில் டிக்கெட் இந்நேரம் தீர்ந்திருக்கும். அதற்கு அடுத்த வாரம் ஆதியைக் கூட்டிக்கொண்டு வா, இங்கே எனக்குத் தெரிந்த பயிற்சியாளர் ஒருவரிடம் பேசி வைக்கிறேன். அவன் உயரமும் எடையும் கேட்பார், வருவதற்கு முன் எழுது.

அன்புடன்,
மூர்த்தி