அட்டைக்குக் கண் இருக்கா, டீச்சர்?

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு நீ தொலைபேசியில் சொன்ன அந்தப் பையனின் கேள்வி இன்னும் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான்காம் தரத்தில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, காலில் ஏறிய அட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு, "அட்டைக்குக் கண் இருக்கா டீச்சர்? நாம வர்றது அதுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டானாம். வகுப்பே சிரித்ததாம். "அப்புறம் பார்க்கலாம், உட்காரு" என்று நீ பாடத்தைத் தொடர்ந்தாயாம். "கேள்வியாக் கேக்குதுங்க டீச்சர், எப்படிப் பாடத்த முடிக்கிறது?" என்று என்னிடம் கேட்டாய். அன்று பஸ் இரைச்சலில் சரியாகப் பேச முடியவில்லை. உன்னைப் போலத் தோட்டப் பாடசாலைகளுக்குப் புதிதாக நியமனம் பெற்றுப் போயிருக்கிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தைப் பொதுவில் எழுதுகிறேன்.

அந்தக் கேள்வியை விட்டுவிடாதே. நீ "அப்புறம்" என்று சொன்னாய் அல்லவா, அந்த அப்புறத்தை அவன் எதிர்பார்த்துக்கொண்டிருப்பான்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். நான் படிப்பிக்க வந்த ஆரம்ப வருடங்களில் ஐந்தாம் தரத்துச் சிறுமி ஒருத்தி, "கவ்வாத்து வெட்டுனா தேயிலை ஏன் டீச்சர் சாகல?" என்று கேட்டாள். அவளுடைய அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். ஒரு இலை கூட மிச்சமில்லாமல் வெட்டிப்போட்ட செடி சில வாரங்களில் துளிர்ப்பதை அவள் பார்த்திருக்கிறாள். "ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்கு வராததெல்லாம் எதுக்கு இப்ப?" என்றேன். அதன் பிறகு அந்த வருடம் முழுவதும் அவள் கை உயரவே இல்லை. வேரில் சேர்த்து வைத்திருக்கும் மாப்பொருளை எடுத்துத்தான் அந்தச் செடி மறுபடி துளிர்க்கிறது என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது அவள் வேறு பாடசாலைக்குப் போய்விட்டாள். அவளைத் தேடிப்பிடித்துச் சொல்ல வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றும்.

சரி, பாடம் முடிப்பது எப்படி என்று கேட்டாய். கேட்கிற கேள்விக்கெல்லாம் உடனே பதில் சொல்லப் போனால் முடிக்க முடியாதுதான். நான் பிறகு செய்தது இது: வகுப்புச் சுவரில் ஒரு பழைய கலண்டர் தாளைத் திருப்பி ஒட்டினேன். யார் என்ன கேட்டாலும் அவர்கள் சொன்ன அதே வார்த்தையில், அவர்கள் பெயரோடு அதில் எழுதுவேன். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும் என்று சிலவற்றை அவர்களையே எழுதச் சொல்வேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளே ஒரு கேள்வியைத் தெரிவு செய்வார்கள். பதிலை நான் சொல்வதில்லை. "இதை நாம எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று மட்டும் கேட்பேன். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்துக்குள் இது தாராளமாக அடங்கும்.

ஒரு வெள்ளிக்கிழமையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். கேள்வி: "பிளேன்டீக்குத் தேசிக்காய் விட்டா சாயம் ஏன் வெளுக்குது?" தண்ணி சேர்வதால்தான் என்றது ஒரு கூட்டம். புளிப்பால்தான் என்றது இன்னொரு கூட்டம். வீட்டிலிருந்து போத்தலில் சாயம் கொண்டுவந்தார்கள். ஒரே அளவாக மூன்று கிளாஸில் ஊற்றி, ஒன்றில் ஒரு கரண்டி தண்ணீர், ஒன்றில் ஒரு கரண்டி தேசிப்புளி, ஒன்றில் ஒரு கரண்டி புளிக்கரைசல் விட்டோம். தண்ணீர் விட்டது அப்படியே இருந்தது. தேசிக்காய் விட்டது தேன் நிறத்துக்கு வந்தது. புளி விட்டதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, அதுவரை வாயே திறக்காதவள், "புளியே கறுப்புதானே டீச்சர், இது எப்படிச் சரியா வரும்?" என்றாள். நான் யோசிக்காத விஷயம் அது! நிறமில்லாத புளிப்பு வேண்டும் என்று அவர்களே பேசி முடிவெடுத்து, அடுத்த வாரம் வினாகிரி கொண்டுவந்தார்கள். அதுவும் வெளுத்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பின் வாங்கிலிருந்து ஒருவன், "சாயம் செத்துப்போச்சா, இல்ல ஒளிஞ்சிருக்கா?" என்றான். தேசிக்காய் விட்ட கிளாஸில் கொஞ்சம் அப்பச்சோடா போடச் சொன்னேன். நுரைத்துப் பொங்கி அடங்கியதும் சாயம் திரும்பி வந்தது, முன்பை விடக் கறுப்பாக. வகுப்பு போட்ட சத்தத்தில் அதிபர் வந்து எட்டிப் பார்த்தார். தேயிலையின் நிறப்பொருள் புளிப்பில் வெளுக்கும், காரத்தில் கறுக்கும் என்று அதன் பிறகு நான் இரண்டு வரிதான் சொன்னேன்.

அடுத்தது பகிர்வது. கண்டுபிடித்ததைக் கொப்பியில் எழுதி மூடிவைத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. என் பிள்ளைகளை அந்தக் கிளாஸ்களோடு மூன்றாம் தரத்துக்கு அனுப்பினேன். அங்கே ஒரு குட்டிப் பையன், "பால் தேத்தண்ணில தேசிக்காய் விட்டா?" என்று கேட்டுவிட்டான். இவர்களிடம் பதில் இல்லை. வீட்டில் செய்து பார்த்துவிட்டு, பால் திரைந்த கதையைத் திங்கட்கிழமை போய்ச் சொன்னார்கள்.

சின்னப் பிள்ளைகளின் ஆராய்ச்சி வகுப்பைத் தாண்டிப் போகாது என்று நினைக்காதே. இங்கிலாந்தில் டெவோன் என்ற இடம் இருக்கிறது. தலவாக்கலைக்குப் போகிற வழியில் நாம் பார்க்கிற நீர்வீழ்ச்சிக்கும் அதே பெயர்தான். அங்கே பிளாக்காட்டன் என்ற ஊரின் ஆரம்பப் பாடசாலையில் 8 முதல் 10 வயது வரையான 25 பிள்ளைகள், பம்பிள் தேனீக்கள் எந்தப் பூவுக்குப் போவது என்று எப்படி முடிவெடுக்கின்றன என ஆராய்ந்தார்கள். நிறத்தையும், நிறங்கள் அமைந்திருக்கும் ஒழுங்கையும் சேர்த்துத் தேனீக்கள் கற்றுக்கொள்கின்றன என்று கண்டார்கள். ஒரு விஞ்ஞானியும் ஆசிரியரும் துணை நின்றார்கள், ஆனால் கேள்விகளும் எழுத்தும் பிள்ளைகளுடையவை. படங்களைக் கலர் பென்சிலால் வரைந்தார்கள். 2010 டிசம்பரில் லண்டன் ரோயல் சொசைட்டியின் 'பயோலஜி லெட்டர்ஸ்' ஆய்விதழ் அதை வெளியிட்டது. இதை என் பிள்ளைகளிடம் சொன்னபோது ஒருத்தி கேட்ட முதல் கேள்வி, "அவங்களுக்குத் தேனி கொட்டலையா?"

நம் பிள்ளைகளின் கேள்விகள் நம் மலையிலேயே கிடக்கின்றன. தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் பனி விழும்போது பள்ளத்தில் ஆற்றோரத் தேயிலை கருகுகிறது, மேட்டில் இருப்பது தப்பிக்கிறது. ஏன்? குளிர்ந்த காற்றுப் பாரமானது, இரவில் சரிந்து பள்ளத்தில் தேங்கும் என்று புத்தகம் சொல்லும். இரண்டு தகர மூடிகளில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஒன்றை மேட்டிலும் ஒன்றைப் பள்ளத்திலும் வைத்துவிட்டு விடியப் போய்ப் பார்க்கட்டும். கொழும்பில் கடையில் நிற்கிற அப்பா தீபாவளிக்கு வந்து, "இங்க பருப்பு அவிய இவ்வளவு நேரமா?" என்று கேட்பார். நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. கொதிநீரில் வெப்பமானி வைப்பதை மட்டும் நீ செய், வாசிப்பது அவர்கள் வேலை.

வீட்டில் கேட்டுவரச் சொல். கொழுந்து எடுக்கிற அம்மாவும் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை செய்கிற மாமாவும் இந்த விஷயங்களில் நம்மை விடத் தெரிந்தவர்கள். கொழுந்தை நசுக்கிக் காற்றுப்பட வைத்தால் செம்பு நிறமாவதை ஒரு பிள்ளையின் அம்மா என் வகுப்புக்கு வந்து உள்ளங்கையில் கசக்கிக் காட்டினார். அன்றைக்கு அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்த விதமே வேறு.

எல்லாக் கேள்விக்கும் கிட்டப் போய்ப் பார்க்க முடியாது, அதையும் கண்டிப்பாகச் சொல்லிவை. குளவிக் கூட்டுப் பக்கம் ஒருவரும் போகக் கூடாது. குளவி எந்த மாதத்தில், எந்த மலையில், எந்த நேரத்தில் கலைந்தது என்று பெரியவர்களிடம் கேட்டுக் கலண்டரில் குறிக்கலாம். அதுவும் ஆராய்ச்சிதான்.

இனி அட்டைக்கு வருவோம். நம் காட்டு அட்டைக்கு ஐந்து சோடிக் கண்கள் உண்டு. உருவம் பார்க்கிற கண் இல்லை, வெளிச்சமும் நிழலும் தெரிகிற கண். நம் நடையின் அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சுக் காற்றும் அதற்குத் தெரியும். இதை அவனிடம் இப்போதே சொல்லிவிடாதே. ஈரப்பாசி போட்ட ஜாம் போத்தலில் ஒரு அட்டையை விட்டு, மூடியில் சின்னத் துளைகள் போட்டு, ஒரு பக்கத்திலிருந்து அவனையே மெதுவாக ஊதச் சொல். அது தலையைத் தூக்கி எந்தப் பக்கம் திரும்புகிறது, எத்தனை தரம் திரும்புகிறது என்று மற்றவர்கள் எண்ணட்டும். மூச்சுக்கா, வெறும் காற்றுக்கா என்று யாராவது கேட்டால் மட்டையால் விசிறியும் பார்க்கட்டும். சிரித்த பிள்ளைகள்தான் முதலில் வந்து குனிவார்கள், பார்.

என்னிடம் பழைய கைவில்லை ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை உன் பக்கம் வருகிற பெரியம்மா மகனிடம் கொடுத்துவிடுகிறேன். அட்டையின் கண்களைக் கேள்வி கேட்ட அந்தப் பையன் முதலில் எண்ணட்டும். எத்தனை கண்டான் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நான்காம் தரத்து டீச்சர்