பொடி உதிரும் இலைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கைத் தேயிலையின் கதையைச் சொன்ன உங்கள் ஞாயிறு கட்டுரை, அதற்கு முன் அங்கிருந்த காப்பித் தோட்டங்கள் 'ஏதோ இலைநோயால்' அழிந்தன என்று ஒரே வரியில் தாண்டிவிட்டது. அந்த 'ஏதோ'வுக்குப் பெயர் உண்டு. 1869இல் மடுல்சீமைப் பக்கம் காப்பி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டது. இரும்புத் துருப் போலத் தெரிவதால் இந்த வகைப் பூஞ்சை நோய்க்குத் 'துரு' என்று பெயர். பேராதனைத் தாவரவியல் பூங்கா இயக்குநர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பாதிரியாரும் பூஞ்சை அறிஞருமான பெர்க்லி, சக பூஞ்சை அறிஞர் புரூமுடன் சேர்ந்து அதே ஆண்டில் அந்தப் பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். அதன் ஸ்போர் (பூஞ்சையைப் பரப்பும் நுண்துகள்) ஒருபுறம் வழவழப்பு, மறுபுறம் சொரசொரப்பு. முதற்பெயர் அதைக் குறிக்கிறது. இரண்டாம் பெயருக்குப் 'பாழாக்குவது' என்று பொருள். அதுவும் பலித்தது. தமிழகத்திலிருந்து நடந்தும் படகேறியும் போய்க் காப்பி பறித்தவர்களின் பிள்ளைகள் தேயிலைக் கொழுந்து கிள்ளினார்கள். பெர்க்லியின் பூஞ்சைச் சேகரிப்போ 1879இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இதை எழுதத் தூண்டியது என் பழைய தவறு. நான் தாவரவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். மாணவர்கள் செடிகளை அழுத்தி உலர்த்தி ஒட்டும் ஹெர்பேரியம் தாளில் புள்ளி விழுந்த இலை இருந்தால் இரண்டு மதிப்பெண் குறைப்பேன். ஒருமுறை ஒரு மாணவி மல்லிகைக் கிளை கொண்டுவந்தாள். தளிர் வீங்கி முறுக்கியிருந்தது. தாளைச் சாய்த்ததும் மஞ்சள் பொடி என் மேசையில் கொட்டியது. "நல்ல கிளையாகப் பார்த்துப் பறிக்கக் கூடாதா?" என்று திட்டி, தாளைக் கூடையில் போட்டேன். ஊரும் தேதியும் ஒழுங்காக எழுதியிருந்தாள். அந்த மல்லிகைத் துரு அந்த ஊரில் அந்த ஆண்டு இருந்ததற்கான ஒரே சாட்சி அதுவாக இருந்திருக்கலாம்.

அயர்லாந்துப் பஞ்சத்தை உண்டாக்கிய உருளைக்கிழங்குக் கருகல் கிருமி (துரு அன்று, வேறு வகை) எந்த மரபுவழி என்பதை, 19ஆம் நூற்றாண்டில் அழுத்தி வைத்த இலைகளின் டிஎன்ஏவைக் கொண்டு 2013இல் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்தில் யாரும் அந்த இலைகளுக்கு மதிப்பெண் குறைக்கவில்லை போலும்.

இடமில்லை என்று பழைய தாள்களைக் கழிக்கும் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். எடைக்குப் போடுமுன் ஒவ்வொரு தாளிலும் இலையின் அடிப்பக்கத்தைக் கைலென்ஸால் பாருங்கள். துரு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பொடி தெரிந்தால் அந்த இலையைக் காகித உறையில் மடித்து, ஊர், தேதி, பறித்தவர் பெயரோடு வைத்துவிடுங்கள். ஒரு பீரோ தட்டு போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
திண்டுக்கல்.