மண்ணை விட்டுவிட்டீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த புற்றுநோய்க் கட்டுரையைப் படித்தேன். கட்டியிலிருந்து செல்கள் பிரிந்து ரத்தத்தில் கலக்கும், போய்ச் சேர்ந்த இடத்தில் வளரும் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். இது பாதிக் கதை. அதுவும் எங்கள் ஊரில் ஆளைக் கொல்லும் பாதி.

என் அக்காவுக்கு மார்பில் கட்டி தென்பட்டபோது, "கத்தி பட்டா பரவிடும்" என்று சொன்னவர்கள்தான் அதிகம். ஊசி போட்டுச் சதை எடுக்கவே பயந்து ஏழு மாதம் தள்ளிப்போட்டாள். கிழிந்த மூட்டையிலிருந்து நெல் கொட்டுகிற மாதிரி நோய் கொட்டிவிடும் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

கொட்டிய நெல்லெல்லாம் முளைத்துவிடுகிறதா? 1889இல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பேரின் குறிப்புகளைப் புரட்டினார். கல்லீரலில் பரவியிருந்தது 241 பேருக்கு. மண்ணீரலில் 17 பேருக்கு மட்டுமே. மண்ணீரலுக்கும் ரத்தம் தாராளமாகத்தான் போகிறது. (பெயரில் மண் இருந்தும் முளைக்காத இடம்!) விதை எங்கும் போகும், தோதான மண்ணில்தான் பிழைக்கும் என்பது அவர் கண்டது.

அக்காவுக்கு முதுகெலும்பில் பரவியது. எலும்பை அரிக்கும் செல்களும் கட்டும் செல்களும் நம் எல்லோருக்குள்ளும் ஓயாமல் வேலை செய்கின்றன. அங்கே குடியேறிய புற்றுசெல் அரிக்கும் கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறது. எலும்பு கரையக் கரைய, உள்ளே பூட்டிக் கிடந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியே வருகின்றன. அந்த உரத்தில் கட்டி பெருக்கிறது; பெருத்தது இன்னும் அரிக்கச் சொல்கிறது.

அவளுக்கு மாதம் ஒருமுறை சோலெட்ரானிக் ஆசிட் டிரிப் ஏற்றினார்கள், கால் மணி நேரம். "இது கேன்சர் மருந்தா சிஸ்டர்?" என்றேன். "எலும்புக்கும்மா" என்றார். ஆரம்பிக்கும் முன் பல் டாக்டரிடம் காட்டிவரச் சொன்னபோது எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. தாடை எலும்பைப் பாதிக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. அரிக்கும் செல்களை அடக்கும் மருந்து அது. மண்ணுக்கான வைத்தியம். கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

ஊசியில் சதை எடுப்பதால் நோய் பரவுவது மிக மிக அபூர்வம் என்பதையாவது அடுத்த இதழில் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். எங்கள் தெருவில் இப்போதும் ஒரு பெண் கட்டியை வைத்துக்கொண்டு அந்தப் பழைய பேச்சைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் இதழை விடாமல் படிப்பவள்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி